மரப்பெட்டிக்கு ஃபைபர் பூச்சு: எங்கே காக்கும், எங்கே கெடுக்கும்?

புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இறங்கும் மீன் பெரிய மார்க்கெட் போய்ச் சேரும்வரை ஐஸ்தான் அதற்கு உயிர். அந்த ஐஸைச் சுமப்பது மரப்பெட்டியாக இருந்தால், அதற்கு ஃபைபர் அடித்துவிடுவது கடற்கரை ஊர்களில் வழக்கம். விசைப்படகின் மீன் அறைக்கும் இதே வைத்தியம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டதால், ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் பழகிய கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆள் எளிதாகக் கிடைப்பதாலேயே, எந்த மரமானாலும் ஃபைபர் அடித்தால் போதும் என்ற நம்பிக்கையும் வளர்ந்துவிட்டது. அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வெறும் மரம் மீனின் இரத்தத்தையும் வழுவழுப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது, கிருமியும் தங்கும். ஃபைபர் பரப்பு எதையும் உறிஞ்சாது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் சுத்தமாகிவிடும். மூலைகளில் மேட் சுற்றி ஒட்டினால், தரதரவென்று இழுத்தாலும் பெட்டி பிரியாது. முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசும் பழைய முறை தண்ணீரைத் தாமதப்படுத்துமே தவிர முழுதாகத் தடுக்காது. திரும்பத் திரும்பப் பூசவும் வேண்டும்.

வேலையும் சிக்கலானதல்ல. பாலியெஸ்டர் ரெசினில் கோபால்ட்டைக் கலந்து, பூசும் நேரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஹார்டனர் சேர்ப்பார்கள். சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட்டை மரத்தின்மேல் விரித்து ரெசினால் நனைக்கும்போது, வெள்ளை மேட் கண்ணெதிரே மறைந்து மரத்தின் ரேகை தெரியத் தொடங்கும். வெள்ளையாக நிற்கும் திட்டு எல்லாம் ரெசின் ஏறாத இடம், அல்லது காற்று சிக்கிய இடம். ரோலரை அழுத்தி ஓட்டி அதை வெளியேற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. சித்திரை வெயிலில் டப்பாவில் இருக்கும் ரெசினே சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே அனுபவசாலிகளின் வழி.

குறை தொடங்குவது பூச்சுக்கு அடியில். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஃபைபர் அப்படி அசையாது. நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஈரமுள்ள பலகையில் பூசினால் பிடிப்பு தளர்ந்து பூச்சு தூக்கிக்கொள்ளும். இருபதைத் தாண்டிய ஈரம் உள்ளே அடைபட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கீல், கைப்பிடி, ஆணி என்று பூச்சைத் துளைக்கும் ஒவ்வோர் இடமும் தண்ணீருக்கு வாசல். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லை. வெளிப்புறம் பளபளவென்று இருக்க, உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: நன்றாக ஒட்டிய இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் டொப்பென்று கேட்கும். வெறும் மரமாக இருந்திருந்தால் கேடு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். கேட்டை மறைத்துவிடுவதுதான் இந்த முறையின் ஆகப் பெரிய குறை என்பேன்.

படகுக்கு வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் பழுது பார்க்கும் காலம். வெயிலும் அப்போதுதான். ஆனால் வருஷம் முழுக்கத் தண்ணீரில் ஊறிய பலகை, கரையேற்றிய சில நாளில் காய்ந்துவிடாது. அவசரப்பட்டு அடிக்கும் ஃபைபர், ஈரத்துக்குப் போடும் பூட்டுத்தான். மரத்தை இன்னும் நன்றாகப் பற்றும் எப்பாக்ஸி இருக்கிறது. ஆனால் விலை கூடுதல் என்பதால் பலர் பாலியெஸ்டரோடு நின்றுவிடுகிறார்கள்.

ஃபைபர் அடித்தால் ஐஸ் உருகாது என்பதும் தவறான எண்ணம். குளிரைக் காப்பது இரண்டு சுவருக்கு நடுவே வைக்கும் தெர்மோகோல். ஃபைபர் அதை நனையாமல் காப்பதோடு சரி.

இதற்கெல்லாம் உடம்பால் விலை கொடுப்பவர் தொழிலாளி. ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவி தலைவலியும் கண்ணெரிச்சலும் தரும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். அதைக் கோபால்ட்டோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். உப்புத்தாள் போடும்போது பறக்கும் இழைத்தூளுக்கு முகத்தில் கட்டிய துண்டு போதாது. ஆயுள் முடிந்த ஃபைபர் மக்குவதும் இல்லை, அதை உருக்கி வேறு பொருள் செய்யவும் முடியாது.

ஆக, நன்கு காய்ந்த, ஐ.எஸ். 710 தர மரைன் ப்ளைவுட்டில் செய்த சிறு பெட்டி, ஆறு பக்கமும் உள்ளும் வெளியும் பூச்சு, துளைகளை முன்பே போட்டு ரெசினால் அடைத்த வேலை என்றால் ஃபைபர் தாராளமாகப் பூசலாம். ஊறிய பழம்பலகைக்கு வேண்டாம். அதற்கு எண்ணெயே மேல், இல்லையேல் முழு ஃபைபரிலேயே புதிதாகச் செய்துகொள்வது மேல். அட்வான்ஸ் கொடுக்குமுன் பூச்சின் விலையைக் கேட்பதோடு நிற்காதீர்கள். மரம் எத்தனை நாள் காய்ந்தது என்றும், பூசுகிறவருக்கு முகக்கவசமும் கையுறையும் உண்டா என்றும் கேளுங்கள்.