தீர்ப்பு யாருக்கு? - விவிலிய எச்சரிக்கைகளும் வன்னி வாழ்வும்

விவிலியத்தின் தீர்ப்புரைகள் கேட்போனை நோக்கிக் கூறப்பட்டவை. ஆயினும் அவற்றை வாசிப்போர் முன்னிலையைப் படர்க்கையாக்கி, தம்மை விடுத்து அயலாரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகின்றனர். இலக்கணத்திற் சிறிதாகத் தோன்றும் இம்மாற்றம் அறவாழ்விற் பெரும் பிறழ்வாக முடிகின்றது.

இம்மனநிலையை நன்கறிந்தவர் ஆமோஸ். கி.மு. 8 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் தெக்கோவாவைச் சேர்ந்த மந்தை மேய்ப்பர். காட்டத்தி மரங்களைப் பேணியவர். இவரது நூல் தமஸ்கு, காசா, தீர், ஏதோம் முதலிய அயல் நாடுகளைக் கண்டிப்பதுடன் தொடங்குகின்றது. கேட்போர் மகிழ்ந்து தலையசைத்திருப்பர். பின்னர் யூதாவும், இறுதியில் இஸ்ரவேலும் அதே தராசில் நிறுக்கப்படுகின்றன. அயலானுக்கெனக் கருதிய சொல் தன்மீதே திரும்பும் இவ்வமைப்பில் நூலின் முழு ஆற்றலும் தங்கியுள்ளது. ஆமோஸ் சாடும் குற்றங்களும் அன்றாடக் குற்றங்களே: குறுக்கிய மரக்கால், கள்ளத் தராசு, ஒரு சோடி மிதியடிக்காக விற்கப்படும் ஏழை.

வன்னியில் இவ்வெச்சரிக்கைகள் எங்ஙனம் வாசிக்கப்படவேண்டும் என்பது வெறும் ஏட்டு வினாவன்று. 2004 டிசெம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையோரத்தை ஆழிப்பேரலை அழித்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள்; அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அது தெய்வ தண்டனை என்னும் பேச்சு உலகின் பல பாகங்களிலும் எழுந்தது. எனின், அதே நாளில் வேளாங்கண்ணிக்குச் சென்ற திருப்பயணிகள் மாண்டது எதற்காக? 1755 நவம்பர் 1 இல், புனிதர் அனைவரின் பெருவிழாவன்று, லிஸ்பனில் ஆலயங்கள் வழிபடுவோர்மீதே இடிந்து வீழ்ந்தது எதற்காக?

இவ்வினாவுக்கு லூக்கா 13 ஆம் அதிகாரம் முன்னரே விடை தந்துள்ளது. சீலோவாம் கோபுரம் வீழ்ந்து மடிந்த 18 பேரும் ஏனையோரினும் பெரும் பாவிகளல்லர் என இயேசு தெளிவாக மறுக்கின்றார். மறுத்த பின்னரே கேட்போரின் மனமாற்றத்தைக் கோருகின்றார். மாண்டவரை விசாரிப்பதை நிறுத்தி, உயிரோடிருப்பவன் தன்னை விசாரிக்கத் தொடங்குவதே இங்கு வேண்டப்படுவது. ஆழிப்பேரலைக்குத் தப்பியவர்களே 2009 இல் இறுதிப் போரின் கொடுமையையும் தாங்கினர். அவர்களிடம் தண்டனைத் தத்துவம் பேசுவோர் யோபுவின் நண்பர்களுக்கு ஒப்பாவர். அந்நண்பர்களையே கடவுள் இறுதியிற் கடிந்துகொண்டார் என்பது மறக்கற்பாலதன்று.

அங்ஙனமாயின் தீர்ப்பு என்னும் கருத்தையே கைவிடலாமா? கைவிட்டால் இழப்பு ஏழைக்கே. அநீதி இழைக்கப்பட்டவனுக்குத் தீர்ப்பு அச்சமன்று, நம்பிக்கை. வற்றாப்பளையிற் கண்ணகியை வழிபடும் மண்ணுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் தன் பிழையாலேயே வீழ்ந்தான் என்ற கதையை அது தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்துள்ளது. கத்தோலிக்கத் தமிழிலுள்ள 'நடுத்தீர்த்தல்' என்னும் பழஞ்சொல்லும் இவ்வுணர்வையே தருகின்றது. திருக்குறள் தனி அதிகாரம் வகுத்துப் போற்றும் நடுவு நிலைமை அச்சொல்லில் ஒலிக்கின்றது.

ஆகவே தீர்ப்பின் அளவுகோல் எது என்பதே வினா. மத்தேயு 25 ஆம் அதிகாரம் அதனை வானத்துக் குறிகளில் வைக்கவில்லை. பசித்தவன், தாகமுற்றவன், அந்நியன், ஆடையற்றவன், நோயாளி, சிறைப்பட்டவன் ஆகிய அறுவரிடம் வைக்கின்றது. இவ்வறுவரும் வன்னிக்கு அந்நியரல்லர். 1977 இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பிறர் வயல்களிற் கூலிக்கு உழைத்தன. அறுவடை செய்தோரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகின்றது என யாக்கோபு நிருபம் (5:4) கூறுவதை இரணைமடு நீர் பாயும் வயலொன்றின் வரம்பில் நின்று வாசித்தால், அது பழைய ஏடாகத் தோன்றாது. பக்தனாயினும் வயற்காரன் கூலியைத் தாமதித்தானா, வியாபாரி நெல்லை நேர்மையாக நிறுத்தானா, சபையார் மலையகக் குடும்பத்துடன் மணவுறவு கொள்ளத் தயங்கினரா என்றே அது கேட்கும்.

எச்சரிக்கையின் நோக்கம் அழிவன்று என்பதற்கு யோனாவின் நூல் சான்று. நாற்பது நாளில் அழியுமென்ற நினிவே, மனந்திரும்பியதால் அழியவில்லை. தன் வாக்கு நிறைவேறாததற்கு வருந்தியவர் தீர்க்கதரிசி ஒருவரே. அயலானின் அழிவில் தன் மறையுரை மெய்ப்பட்டதெனக் களிப்பவன் யோனாவின் நிழலில் அமர்ந்திருக்கிறான். உரிய நாளிற் கூலியைக் கொடுத்து அனுப்புபவனே எச்சரிக்கையைச் சரியாக வாசித்தவன்.