துள்ளிசையும் வாவிக்கரையும்: ஏ. ஈ. மனோகரனை முன்வைத்து ஒரு நோக்கு

2018ஆம் ஆண்டு சனவரி 22ஆம் திகதி ஏ. ஈ. மனோகரன் சென்னையிற் காலமானார். தமிழகத்தார் இழந்தது 'சிலோன் மனோகர்' என்னும் நடிகரை; இலங்கைத் தமிழர் இழந்தது தம் 'பொப் இசைச் சக்கரவர்த்தி'யை. ஒரே மனிதருக்கு வழங்கிய இவ்விரு பெயர்களுக்கும் இடையே ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது எனலாம். நாட்டின் பெயர் 1972இல் மாறிவிட்டது. அவர் பெயரின் முன் நின்ற 'சிலோன்' இறுதிவரை மாறவில்லை. 'சக்கரவர்த்தி' என்னும் பட்டமோ சிங்களப் பைலாவின் பேரரசராகக் கொண்டாடப்பட்ட எம். எஸ். பெர்னாண்டோவுக்கு வழங்கிய 'பைலாச் சக்கரவர்த்தி' என்பதனை நினைவூட்டுவது. பட்டத்திலேயே கடன் தெரிகின்றது. அக்கடன் யாரிடம் பெறப்பட்டது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பொருள்.

அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் இலங்கைத் தமிழரிடையே பரவிய துள்ளிசை, நமது விமரிசகர்களாற் பொருட்படுத்தப்பட்டதில்லை. நகர்ப்புற மத்தியதர வர்க்கத்து இளைஞரின் விருந்துக் களியாட்டம் என்னும் கணிப்போடு அது ஒதுக்கப்பட்டது. அக்கணிப்பிற் பாதி உண்மையுண்டு. மற்றப் பாதியை அறிய நித்தி கனகரத்தினத்தை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த இவர் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை எனப் போற்றப்படுபவர். 'சின்ன மாமியே' என்னும் பாடலில் மாமியின் மகளைத் தேடிவரும் இளைஞன் பேசுவது திரைப்படப் பாடலாசிரியரின் மொழியன்று. கோவிலிலும் கச்சேரியிலும் கேட்ட மொழியுமன்று. வேலியோரத்தில் நின்று கேட்கும் யாழ்ப்பாணத்துப் பேச்சு. அதுவரை ஈழத்தவர் பாடிய மெல்லிசையிற் கவிஞர் எழுதுவார், இசையமைப்பாளர் மெட்டமைப்பார், பாடகர் பாடுவார். தன் சொல்லைத் தன் குரலிலேயே ஒருவர் பாடும் வழக்கம், கூத்துக்கும் நாட்டார் பாடலுக்கும் வெளியே, இத்துள்ளிசையோடுதான் மேடைக்கு வந்தது.

இதே காலப்பகுதியில் வட அமெரிக்காவிலும் பாடகரே பாடலாசிரியராக விளங்கும் மரபு வலுப்பெற்றமை கருதத்தக்கது. கனடா நாட்டவரான லியனார்ட் கோகன் முதலிற் கவிஞராக அறியப்பட்டவர். தமது முதல் இசைத்தட்டை 1967இல் வெளியிட்டார். ஜோனி மிச்சல், நீல் யங் முதலியோரும் கனடாவிற் பிறந்து, எல்லை கடந்து ஐக்கிய அமெரிக்காவிற் பெயர் பெற்றவர்களே. பெரிய அயல்நாட்டின் சந்தை தன் கலைஞரை விழுங்குவதைக் கண்ட கனடா, வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30 வீதம் கனடாவுக்குரியதாதல் வேண்டும் என 1971இல் விதித்தது. ஒரு பாடல் கனடாவுக்குரியதா என அறிய நான்கு வினாக்கள் எழுப்பப்பட்டன: இசை யாருடையது, பாடியவர் யார், ஒலிப்பதிவு எங்கு நிகழ்ந்தது, சொல் யாருடையது. நான்கில் இரண்டுக்கு விடை கனடா என அமைந்தாற் போதும்.

இலங்கையில் அத்தகைய விதி இருந்ததில்லை. ஆயினும் 1970இற் பதவியேற்ற அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அதனையொத்த விளைவொன்றைத் தோற்றுவித்தன. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் தங்குதடையின்றி வந்த நிலை மாறியது. உள்ளூர்ச் சஞ்சிகைகளும் படங்களும் வானொலி மெல்லிசையும் மூச்சுவிட இடம் கிடைத்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' அந்த இடைவெளியின் விளைச்சல்களுள் ஒன்று. அதில் மனோகரனும் நடித்தார்.

இங்கு நம் முற்போக்கு விமரிசனத்தின்மீது ஒரு வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது. அறுபதுகளின் தொடக்கத்திலே மரபு பற்றிய பெரும் விவாதம் நிகழ்ந்தபோது, பேச்சுவழக்கை 'இழிசனர் வழக்கு' என இகழ்ந்தோருக்கு எதிராக நின்று, கதையிலும் நாவலிலும் மக்கள் மொழிக்குரிய இடத்தைப் பெற்றுத்தந்தவர்கள் முற்போக்காளர்களே. அவர்கள் பெற்றுத்தந்த அதே பேச்சுமொழி கிற்றாரோடு மேடையேறியபோது அவர்களுக்கு அது இலக்கியப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. கிற்றார் மேனாட்டு நாகரிகத்தின் சின்னமாகத் தென்பட்டது போலும். ஆனால் அக்கிற்றார் வாசித்த தாளம் மேனாட்டிலிருந்து அன்று வந்திறங்கியதன்று. அது முந்நூறாண்டுகளுக்கு மேலாக இத்தீவின் கடற்கரையில் வாழ்ந்த தாளம். அதனைப் பேணியோர் மத்தியதர வர்க்கத்தினரும் அல்லர்.

'பைலா' என்பது ஆடுதலைக் குறிக்கும் போத்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. ஆறு சிற்றெண்ணிக்கைகளை ஒருகால் இரண்டு மூன்றாகவும், மறுகால் மூன்று இரண்டாகவும் பகுத்து நடக்கும் அதன் தாளம் கேட்போரின் காலை அசையாதிருக்க விடுவதில்லை. நாற்பதுகளிற் பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்ரியன் சிங்களச் சொற்களை இட்டு அதனைக் கொழும்பு மேடைக்குரியதாக்கினார். அதற்கு முன்னர் அது பறங்கியரும், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களும் ஆடிப் பாடிய 'கப்றிஞ்ஞா'. அக்கப்றிஞ்ஞா இன்றுவரை உயிரோடிருக்கும் மிகச் சில இடங்களுள் மட்டக்களப்பு வாவிக்கரையே முதன்மையானது.

போத்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டியது 1628இல். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பத்தாண்டு நின்ற ஆட்சியின் மொழி, ஆட்சி போய் நானூறு ஆண்டுகளை அணுகும் இவ்வேளையிலும் மட்டக்களப்புப் பறங்கியருட் சிலரது வீடுகளிற் பேசப்படுகின்றது. அதற்குக் காரணம் ஆட்சியன்று, தொழிலும் திருமணமும் கத்தோலிக்கமுமே. தாண்டவன்வெளியிலும் கூழாவடியிலும் டச்பாரிலும் வாழ்ந்த இம்மக்கள் தச்சர், கொல்லர், தையற்காரர். கொழும்பின் ஒல்லாந்தப் பறங்கியர் வழக்கறிஞராகவும் வைத்தியராகவும் அரச உத்தியோகத்தராகவும் உயர்ந்து, ஐம்பதுகளின் பின் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குச் சென்றனர். கைத்தொழிலாளரான மட்டக்களப்பார் பெரும்பாலும் ஊரிலேயே தங்கினர். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரை இவ்வர்க்க வேறுபாட்டைத் தலைப்பிலேயே சுட்டுகின்றது: ஒரு பாலார் ஒல்லாந்தப் பறங்கியர், மறுபாலார் போத்துக்கேயத் தொழிலாளர்.

இவர்களது திருமண வீடுகளில் வயலினும் மேளமும் ஒலிக்கச் சோடி சோடியாக ஆடிய ஆட்டமே கப்றிஞ்ஞா. அதனோடு பாடப்பட்டவை நான்கடிச் செய்யுள்கள். கிழக்கிலே பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி கியூ நெவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரட்டிய கையெழுத்துத் தொகுப்பில் மட்டக்களப்புப் போத்துக்கேயப் பாடல்களும் கப்றிஞ்ஞாப் பாடல்களும் இடம்பெறுகின்றன. டேவிட் ஜக்சன் 1990இல் வெளியிட்ட நூல் இச்செய்யுள் மரபைப் பிற ஆசிய நாடுகளின் போத்துக்கேயக் கிரியோல் பாடல்களோடு வைத்து ஆராய்ந்தது. அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியூகோ கார்டோசோ முதலியோர் இம்மொழியையும் பாடலையும் ஒலி, ஒளிப்பதிவுகளாக ஆவணப்படுத்தியுள்ளனர். நெவில், ஜக்சன், மக்கில்வ்ரே, கார்டோசோ: இப்பெயர்களை அடுக்கும்போது இவற்றுள் ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை என்பது உறுத்தாமல் இல்லை.

மட்டக்களப்பின் கலை வரலாற்றை எழுதியோர் குறைந்த உழைப்பாளிகள் அல்லர். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இப்பிரதேசத்தின் கூத்தையும் நாட்டார் பாடலையும் மொழிவழக்கையும் தமிழுலகறியச் செய்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்தார். அம்மேடையில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தார். அவர்களுக்கு முன் விபுலாநந்த அடிகள் இதே வாவியின் நீரடியிலிருந்து எழும் இன்னிசையை நீரரமகளிரின் பாடலாகக் கற்பித்து, 1947இல் வெளிவந்த யாழ்நூலிற் பழந்தமிழிசையோடு இணைத்தார். இம்முயற்சிகள் யாவும் யாழ்ப்பாண மையப்பட்ட பண்பாட்டு நோக்கிற்கு எதிராக ஒரு பிரதேசம் தன் முகத்தைத் தேடிய முயற்சிகள். அத்தேடலில், வாவியின் அடியிற் கேட்ட ஓசைக்கு இடம் கிடைத்த அளவு, வாவிக்கரை வீட்டு முற்றத்திற் கேட்ட வயலினுக்கு இடம் கிடைக்கவில்லை. பழந்தமிழ் என்று நிறுவத்தக்கதே நமது என்னும் எண்ணம் இங்கே தொழிற்பட்டிருத்தல் கூடும். வீட்டுக்கு வெளியே தமிழே பேசி, தமிழ்ப் பாடசாலைகளிற் படித்து, தமிழரோடு ஒரே பட்டறையில் வேலை செய்த ஒரு சமூகத்தின் பாட்டு நம் பிரதேச வரலாற்றுக்கு வெளியே நின்றது.

இனி மனோகரனின் 'சுராங்கனி'க்கு வருவோம். கனடாவின் நான்கு வினாக்களையும் அதனிடத்து எழுப்பிப் பார்த்தால் விடைகள் சுவையானவை. சொல், தமிழும் சிங்களமும் கலந்தது. தாளம் பைலாவினுடையது, ஆகவே சிங்கள மேடைக்கும், அதற்கு முன் பறங்கியருக்கும் உரியது. குரல் இலங்கைத் தமிழருடையது. புகழும் வருவாயும் சென்னையில் விளைந்தவை. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் அது திரைப்பாடலுமாயிற்று. அப்படத்தில் ஒலித்தது மனோகரனின் குரலன்று, மலேசியா வாசுதேவனின் குரல். பாட்டு எல்லை கடந்தபோது பாடகர் பின்தங்கிவிட்டார். ஆயினும் மீன் கொண்டுவந்து காதலியை அழைக்கும் இவ்வெளிய பாடலின் வழியே, சிங்களச் சொற்கள் தமிழகத்துச் சிற்றூர்ச் சிறுவர் நாவிலும் புரண்டன. இரு மொழிகளுக்குமிடையே பகைமை கனன்று, அதே 1977இல் இனக்கலவரமும் மூண்ட நாட்டிலிருந்து இத்தகைய பாடல் எழுந்தமை சாதாரண செய்தியன்று.

மனோகரனின் சென்னை வாழ்வை வெற்றி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தென்னிந்திய மொழிப் படங்கள் பலவற்றில் அவர் நடித்தார். பெரும்பாலும் எதிர்நாயகனாகவோ அவனது அடியாளாகவோ. பாடும் குரலுக்குச் சந்தை தந்த இடம் சிறிது, முரட்டுத் தோற்றத்துக்குத் தந்த இடமோ பெரிது. கனடாவின் பாடகர்கள் எல்லை கடந்தபின்னும் எழுதிப் பாடுவோராகவே நிலைத்தனர். திரைப்படமே இசைச் சந்தையாயிருந்த சென்னையில் அதற்கு வாய்ப்பில்லை. நித்தி கனகரத்தினம் அவ்வழி செல்லாது, பின்னாளில் அவுஸ்திரேலியாவிற் குடியேறிப் பாடிவந்தார்.

துள்ளிசையின் குறைகளையும் மறைத்தல் வேண்டா. மாமியும் மச்சாளும் கள்ளும் மீனும் என முதலில் நகைப்பூட்டிய பொருள்கள் விரைவிலேயே வாய்பாடாயின. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று அறிவுரை கூறும் பாடல் விருந்து மண்டபங்களிற் கைதட்டலோடு பாடப்பட்ட முரணை அதன் ஆசிரியரும் இரசித்திருப்பார். ஆனால் 1971இன் கிளர்ச்சியும் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் இளைஞரை அலைக்கழித்த காலத்தில், இளைஞரின் இசை எனப்பட்ட இது அவற்றை அரிதாகவே தொட்டது. பெண் இப்பாடல்களில் அழைக்கப்படுகிறாளேயன்றிப் பேசுவதில்லை. மட்டக்களப்புக் கேட்போனுக்கு வேறொன்றும் தோன்றும்: தாய்வழிக் குடிமுறையும், மணமகன் பெண்வீடு செல்லும் வழக்கமும் நிலவும் இப்பிரதேசத்தில் மாமி வெறும் நகைச்சுவைப் பாத்திரம் அல்லள், வீட்டின் உரிமை அவள் மகளுக்குச் சேர்வது. இங்குள்ள நாட்டார் கவிகளில் மச்சி வாய்திறந்து விடையிறுக்கிறாள். துள்ளிசை வாவிக்கரையிலிருந்து தாளத்தைச் சுற்றுவழியாகப் பெற்றது; இந்த மறுமொழியைப் பெறவில்லை.

2004 டிசம்பரிற் கடற்கோள் டச்பாரைத் தாக்கியபோது அங்கு வாழ்ந்த பறங்கியர் பலர் மாண்டனர். தப்பியோர் உள்ளூருக்கு இடம்பெயர்ந்தனர். ஏற்கெனவே சிறுத்திருந்த மொழிச் சமூகம் மேலும் சிதறியது. கிரியோல் பேசக்கூடியோர் பெரும்பாலும் முதியோர். சொற்களை மறந்த இளையோரும் கப்றிஞ்ஞாவை ஆட மறக்கவில்லை. கிரியோலின் நான்கடிச் செய்யுளும், மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் பாடும் நான்கடிக் கவியும் ஒரே வாவியின் இரு கரைகளிற் பல தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்தவை. ஒன்றையொன்று கேட்டனவா, உருவத்திலும் உவமையிலும் எதனை எது பெற்றது என்பது, அம்முதியோர் இருக்கும்போதே இப்பிரதேசத்துத் தமிழ்த்துறை மாணவர் எவரேனும் ஒலிப்பதிவுக் கருவியோடு கூழாவடிக்குச் சென்று தொடங்கவேண்டிய ஆய்வாகும்.