கலமும் கட்டளையும்: மொனோவின் நூல் குறித்து ஒரு மறுநோக்கு

பிரெஞ்சு உயிரியலறிஞர் ஜாக் மொனோ 1970 இல் வெளியிட்ட ‘தற்செயலும் அவசியமும்’ என்னும் நூல், ஆய்வுகூடத்திற் கண்ட உண்மைகளை ஆதாரமாகக் கொண்டு பிரபஞ்சத்தில் மனிதனுக்குரிய இடத்தை வரையறுக்க முயன்ற நூல்களுள் முக்கியமானது. விஞ்ஞானியின் நூலைக் கலைப்பீட மாணவன் விமர்சிக்கலாமோ என்ற ஐயம் எழக்கூடும். ஆயின், அத்துறையின் சொற்களை நோக்குவோமாயின் அவ்வையம் அகலும். டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாதல் ‘பிரதியெடுத்தல்’ எனப்படுகிறது, ஆர்.என்.ஏ.யின் வழி புரதம் உருவாதல் ‘மொழிபெயர்ப்பு’ எனப்படுகிறது. இவை நமது துறையினின்றும் இரவல் பெற்ற சொற்கள். இரவற் சொல் எவ்விடத்தில் விளக்கம் தருகிறது, எவ்விடத்தில் விளக்கத்தின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது என ஆராய்தல் விமர்சகனின் கடமையேயாகும்.

நூலின் அடித்தளம் மிகச் சிறிய ஓர் உயிர். மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியா, பாற்சர்க்கரையாகிய இலற்றோசைப் பயன்படுத்தத் தேவையான நொதியங்களை எப்பொழுதும் ஆக்கிக்கொண்டிருப்பதில்லை. அவற்றுக்குரிய மூன்று பரம்பரையலகுகள் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்து அமைந்து, ஒரே ஆர்.என்.ஏ.யாகப் பிரதியெடுக்கப்படுகின்றன. இலற்றோசு இல்லாதபோது ஒடுக்கி என்னும் மூலக்கூறு அவற்றின் தலைப்பிலே பிணைந்து பிரதியெடுத்தலைத் தடுக்கிறது. இலற்றோசு கலத்தினுட் புகுந்ததும், அதிலிருந்து தோன்றும் ஒரு பொருள் ஒடுக்கியின் வடிவை மாற்ற, அது டி.என்.ஏ.யை விட்டு விலகுகிறது. நொதியத்தின் அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயர்கிறது. 1961 இல் மொனோவும் பிரான்சுவா ஜாக்கோப்பும் வகுத்த இக்கொள்கை, 1965 இல் அன்ட்ரே லுவோஃபுடன் அவர்களுக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

இதனைக் கொண்டு மொனோ கூறும் ஒரு கருத்து ஆழமானது. இலற்றோசுக்கும் ஒடுக்கியின் தொழிலுக்குமிடையே இரசாயன முறையில் இன்றியமையாத தொடர்பு எதுவும் இல்லை. பரிணாமம் அவ்விரண்டையும் இணைத்துவைத்ததே அத்தொடர்பு என்கிறார் அவர். மரம் என்ற ஒலிக்கும் மரம் என்ற பொருளுக்கும் இயற்கையுறவு இல்லையென மொழியியல் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவேயெனலாம்.

ஆனால் மொனோ இங்கு நிற்கவில்லை. கலம் ஓர் இயந்திரமே. அதனை விளங்கிக்கொள்ள ஹெகலின் முரணியக்கம் வேண்டியதில்லை, டெக்கார்ட்டின் நோக்கே போதும் என்று அவர் முடிவு செய்கிறார். ஈ. கோலைக்குப் பொருந்துவது யானைக்கும் பொருந்தும் என அவர் கூறியதாக வழங்கும் கூற்றும் இம்மனப்பாங்கையே காட்டுகிறது. இந்தப் பாய்ச்சல் நியாயமானதா என்பதே நம் கேள்வி.

முதலாவதாக, பற்றீரியாவிலேயே தடை மட்டும் கதை முழுவதையும் சொல்வதில்லை. குளுக்கோசு குறைந்த வேளையில் வேறொரு புரதம் டி.என்.ஏ.யிற் பிணைந்து பிரதியெடுத்தலை ஊக்குவிக்கிறது. இரு நிலைமைகளும் கூடும்போதே முழுப்பயன் விளைகிறது. ஆளியைப் போட்டதும் எரியும் விளக்கன்று இது. சூழலை எடைபோடும் செயல்.

இரண்டாவதாக, யானையின் நிலை வேறு. மனிதக் கலமொன்றில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமான டி.என்.ஏ., எட்டு இசுதோன் புரதங்களைக் கொண்ட உருளைகளைச் சுற்றி, 147 இணைகளாகச் சுருண்டு கிடக்கிறது. பற்றீரியாவிற் பிரதியெடுக்கும் நொதியத்துக்கு வழி பெரும்பாலும் திறந்திருக்க, இங்கோ வழி இயல்பாகவே அடைபட்டுள்ளது. திறப்பதற்குப் பல புரதங்கள் கூடவேண்டும். கட்டுப்படுத்தும் பகுதி மிகத் தொலைவிலும் இருக்கலாம். கை கால்களின் விரலமைப்பிற் பங்குகொள்ளும் ஒரு பரம்பரையலகை ஏறத்தாழ பத்து இலட்சம் இணைகளுக்கு அப்பாலுள்ள பகுதியொன்று ஆள்கிறது. பரம்பரையலகு பழுதின்றியிருக்க, அப்பகுதியில் ஏற்படும் விகாரம் மட்டுமே மேலதிக விரலைத் தோற்றுவிக்கக்கூடும். ஈரற்கலமும் நரம்புக்கலமும் ஒரே டி.என்.ஏ.யைக் கொண்டும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டின் அடையாளங்கள் சில மகட்கலங்களிலும் தொடர்கின்றன. பற்றீரியா பெரும்பாலும் நிகழ்காலத்துக்கு விடையிறுக்க, நமது கலம் தன் வரலாற்றுக்கும் விடையிறுக்கிறது.

இதனால் மொனோ முற்றாகத் தவறினார் என்பது பொருளன்று. புரதம் டி.என்.ஏ.யின் குறித்த பகுதியை இனங்கண்டு பிணைதல் என்னும் அடிப்படை இரு திறத்து உயிர்களுக்கும் பொதுவானது. யானையிலும் அது உண்டு. ஆனால் யானை அதனுள் அடங்கிவிடுவதில்லை. ஜாக்கோப்பே 1970 இல் எழுதிய ‘உயிரின் தருக்கம்’ நூலில் முன்வகுத்த செயற்றிட்டம் என்ற உருவகத்தை முதன்மைப்படுத்தினார். 1977 இல் எழுதிய கட்டுரையிலோ, பரிணாமம் திட்டமிடும் பொறியியலாளனன்று, கைக்கு அகப்பட்டதைக் கொண்டு ஒட்டுவேலை செய்பவன் என்றார். மொனோவின் நூலிற் குறைவாயுள்ள அடக்கத்தை இவ்வுருவகத்திற் காண்கிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. பரம்பரையலகைக் ‘கட்டளை’ என்று மட்டும் வாசிக்கும் சமூகம், அதனை விரைவிலேயே தலையெழுத்தாக்கிவிடும். பிறப்பைக் கொண்டே மனிதனை அளந்து பழகிய நம் சமூகத்தில் இவ்வாபத்துச் சிறியதன்று. பழைய தலைவிதி புதிய விஞ்ஞான உடை அணிந்து வரக்கூடும். இலற்றோசின் கதையோ அதற்கு மாறான பாடத்தையே புகட்டுகிறது. எழுத்து இருந்தும் சூழல் அமையாதவிடத்து அது பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை. வாசிக்கும் புரதங்களும் அவ்வெழுத்திலிருந்தே பிறந்தவை. ஆதலால் கட்டளையிடுவோன் இவன், கீழ்ப்படிவோன் இவன் எனப் பிரித்துக் காட்டவும் இயலாது. தம் கண்டுபிடிப்பு உணர்த்திய இவ்வுண்மையை, தம் தத்துவத்தில் மொனோ முழுமையாக ஏற்கவில்லை. அவரது நூலை நாம் கற்கவேண்டும். ஆனால் அதன் முடிவுரையைவிட, அதற்கு ஆதாரமான பற்றீரியாவையே அதிகம் நம்பவேண்டும்.