பேடு வாங்கலையோ பேடு!

வீட்டிலேயே காருக்கு பாலிஷ் போட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த மெஷின் வாங்கலாம்?” என்றுதான். அதை விடுங்கள் சார். “எந்தப் பேடு வாங்கலாம்?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், என் ஞாயிற்றுக்கிழமையையே உங்கள் பேருக்கு எழுதி வைத்துவிடுகிறேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் அந்த நுரை வட்டத்தின் மேல் எனக்குள்ள பிரியத்தைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் காரின் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வதும் அவர்கள்தான்.

என்னுடையது கறுப்பு ஐ20. கறுப்புக் காரின் அழகு ஊருக்கே தெரியும், அதன் தொல்லை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். ராத்திரி பெட்ரோல் பங்க்கின் எல்.இ.டி. விளக்குக்குக் கீழே நிறுத்தினால் போதும், ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்ட வட்டமாக நூலிழைக் கீறல்கள் பளிச்சிடும். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. விளக்குக்குக் குறுக்காக விழுந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. விடிகாலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து காரைத் துடைக்கும் ஈரத்துணியும், தூசியோடு சேர்த்து இழுக்கும் மஞ்சள் துணியும் நமக்குத் தரும் பரிசு இது.

கீறல் விழுவது நிறத்தின் மேல் இல்லை. நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று ஒரு பூச்சு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிஷ் என்பது அந்தப் பூச்சில் ஒன்றிரண்டு மைக்ரானைச் சீராகத் தேய்த்து, கீறலின் மேட்டைப் பள்ளத்தோடு சமமாக்கும் வேலை. வாக்ஸ் பள்ளத்தை நிரப்பி மறைக்கும், நாலு மழையில் கரைந்துபோகும். பாலிஷ் கீறலையே எடுத்துவிடும். இவ்வளவு மெல்லிய பூச்சைத் தொடப்போவது மெஷின் கிடையாது, பேடு. என் பேடு பக்திக்குக் காரணம் இதுதான்.

இருந்தாலும் மெஷின் கதையை முதலில் முடித்துவிடுவோம். பட்டறைகளில் ‘பஃபிங் மெஷின்’ என்று கர்ரென்று ஓடுகிறதே, அது ரோட்டரி. ஒரே அச்சில் ஒரே சுற்று. பழகிய பெயிண்டர் மேஸ்திரியின் கையில் அது மந்திரக்கோல்தான். புதியவர் கையில் ஓரிடத்தில் நொடிநேரம் கூடுதலாக நின்றால் சூடேறி, ஓரங்களில் கிளியர் கோட் தேய்ந்தே போய்விடும். கை சரியாக ஓடாவிட்டால் வெயிலில் நெளிந்து நகரும் ஹாலோகிராம் கோடுகள் வேறு.

வீட்டுக்கு ஏற்றது டி.ஏ. என்கிற டூயல் ஆக்‌ஷன். தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றும் பூமியைப் போல, பேடு சுழன்றுகொண்டே ஒரு சின்ன வட்டமும் அடிக்கும். அதனால் சூடு ஓரிடத்தில் குவியாது. ரொம்ப அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கூடவே வரும் காவல்காரர். ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் எக்ஸ்.சி. 3401 போன்றவற்றில் பல்சக்கரம் வைத்துக் கட்டாயமாகச் சுற்றவைப்பார்கள். அழுத்தினாலும் நிற்காது, கீறலும் வேகமாகப் போகும். கை பழகியபின் யோசிக்கலாம்.

அந்தச் சின்ன வட்டத்தின் அளவை ‘த்ரோ’ என்பார்கள். 8, 15, 21 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 15, 21 போன்ற பெரிய த்ரோவுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்து பிக்ஃபுட் மெஷின்கள்தான். விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது சுற்றுகிற சுகமோ தனி! 21 என்பது பெரிய, தட்டையான பானெட்டும் கூரையும் உள்ள வண்டிகளுக்கு. பம்பர் வளைவிலும் கைப்பிடிக்கு அடியிலும் அது திணறும். நம் ஹேட்ச்பேக்குகளுக்கு 15 மி.மீ. த்ரோ, பேடை ஒட்டும் 5 அங்குல பேக்கிங் பிளேட், வேகத்தை 1 முதல் 6 வரை மாற்றும் திருகு இருந்தால் தாராளம். இந்த மூன்றும் உள்ள நடுத்தர விலை மெஷினே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. துளைபோடும் டிரில்லில் மாட்டும் பஞ்சு வட்டத்தை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அதுவும் ஒரே அச்சில்தான் சுற்றும், பிடிப்பும் சமமாக இருக்காது.

சரி, இப்போது பேடு!

சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். கார் அலங்காரக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெரு அது. ஒரு கடையில் நான் பேடுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அண்ணன் கேட்டார்: “என்ன சார், மெஷின் பக்கமே திரும்பல, பேடா அள்ளுறீங்க?”

“மெஷின் ஒண்ணு இருந்தா போதும்ணே. பேடுதான் எத்தனை இருந்தாலும் பத்தல.”

கட்டைவிரல்தான் என் அளவுகோல். நுரை பேடுகளில் மூன்று தரம் உண்டு. கட்டிங் பேடை அமுக்கினால் விரலை எதிர்த்து நிற்கும். பாலிஷிங் பேடு கொஞ்சம் இடம் கொடுக்கும். ஃபினிஷிங் பேடோ விரலை முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டு, எடுத்தபின் சாவகாசமாக மேலே எழும்பும். விறைப்பு கூடினால் கீறல் வேகமாகப் போகும், மென்மை கூடினால் பளபளப்பு ஆழமாகும். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் கடையில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

நுரை தவிர மைக்ரோஃபைபர் பேடு இருக்கிறது. மெல்லிய நுரைத் தட்டின் மேல் பொடி இழைகள் அடர்ந்திருக்கும். ஆழமான கீறலை டி.ஏ. மெஷினை வைத்தே எடுக்க அதற்கு இணையில்லை. ஆனால் சீக்கிரம் சூடேறும், கறுப்பு நிறத்தில் மெல்லிய மங்கலை விட்டுப்போகும், பின்னாலேயே நுரை பேடு போட்டுத் தெளியவைக்க வேண்டும். மூன்றாவது கம்பளி. இருப்பதிலேயே வேகமாகத் தேய்ப்பது அதுதான். இழைகளுக்கிடையே காற்று புகுவதால் நுரையைவிடச் சூடும் குறைவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பெயிண்டைச் சரிசெய்யும் பட்டறைக்கு அது சோறு போடும். வீட்டுக்கு அவசரமில்லை.

ஒரு எச்சரிக்கை: நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பேடின் நிறத்துக்கு உலகப் பொதுவிதி எதுவும் கிடையாது. லேக் கன்ட்ரியின் நுரை வரிசையில் மஞ்சள் என்றால் முரட்டுக் கட்டிங். ரூபெஸில் மஞ்சள் என்றால் நைசான பாலிஷ் பேடு. மெகுயர்ஸில் மஞ்சள் நடுத்தரம், கட்டிங்குக்கு அவர்கள் வைத்திருப்பது கருஞ்சிவப்பு. “மஞ்சள் பேடு ஒண்ணு குடுங்க” என்று கேட்டால் எது வேண்டுமானாலும் கிடைக்கும். கம்பெனியையும் தரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது அளவு. பேடு பிளேட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். 5 அங்குல பிளேட்டுக்கு ஐந்தரை அங்குல பேடு சரி. பிளேட்டின் ஓரம் வெளியே எட்டிப் பார்த்தால் அது பெயிண்டில் இடித்து, போகவே போகாத கீறலைப் போட்டுவிடும். கனமான பேடு மெஷினின் அசைவைத் தானே விழுங்கிக்கொள்ளும், மெல்லியது அசைவை அப்படியே பெயிண்டுக்குக் கடத்தும். நடுவில் ஓட்டை உள்ள பேடு கிடைத்தால் விடாதீர்கள். சூடு முதலில் சேர்வது நடுப்பகுதியில்தான், அந்த ஓட்டை வழியாக அது வெளியேறும், பிளேட்டில் நேராக ஒட்டவும் உதவும். கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்களுக்கும் பம்பர் இடுக்குகளுக்கும் 3 அங்குல பிளேட்டும் பேடும் தனியாக இருந்தால், அப்பப்பா, என்ன சொகுசு!

பாலிஷிலும் பெரிய குழப்பம் வேண்டாம். கீறல் எடுக்க ஒன்று, மெருகேற்ற ஒன்று, இரண்டு பாட்டில் போதும். மெகுயர்ஸின் எம்105, எம்205 ஜோடி ஊரறிந்தது. ஜெர்மனியின் மென்செர்னாவுக்கும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. எனக்கு வியப்பு எதில் தெரியுமா? எம்205ஐ விறைப்பான பேடில் போட்டால் லேசான கீறல்களை அதுவே எடுக்கிறது. அதே பாட்டிலை மெத்தென்ற பேடில் போட்டால் மெருகு மட்டும் ஏற்றுகிறது. மெஷின் அதே, பாட்டில் அதே, கை அதே. பேடு மாறியதும் வேலையே மாறிவிடுகிறது!

பாலிஷ் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். காரை நன்றாகக் கழுவுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். களிமண் போன்ற கிளே பாரால் அதை வழித்தெடுத்துவிட்டு, பானெட் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேடு முகம் முழுக்க லேசாகப் பாலிஷைத் தடவி, மேலே பட்டாணி அளவில் நாலு சொட்டு வையுங்கள். பெயிண்டில் பேடை வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். மேலும் கீழுமாக ஒரு முறை, இடமும் வலமுமாக ஒரு முறை, ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியைத் தொட்டபடி, அவசரமே இல்லாமல் நகர்த்துங்கள். பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் பேடு சுற்றுகிறதா, சும்மா அதிர்கிறதா என்று தெரியும். பால் நிறத்தில் இருந்த பாலிஷ் மெல்ல மெல்லத் தெளிந்து கண்ணாடி போன்ற எண்ணெய்ப் படலமாகும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்!

நான் இப்படித் தேய்த்து, துடைத்துவிட்டு டேப்பை உரித்தபோது, எங்கள் அடுக்ககத்தில் காலை நடைக்கு வந்த பெரியவர் நின்றுவிட்டார். டேப்புக்கு இந்தப் பக்கம் சாம்பல் பூத்த கறுப்பு. அந்தப் பக்கம் பார்க்கிங் கூரையின் டியூப்லைட், அதன் கம்பெனி எழுத்து உட்பட, தலைகீழாகத் துல்லியமாகத் தெரிந்தது.

“என்ன தம்பி, பாதிக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?”

“பெயிண்ட் இல்ல சார், பழசுதான். தேய்ச்சிருக்கேன்.”

அவர் குனிந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நம்ம வண்டியையும் ஒரு நாள் பாருங்களேன்” என்றார். அவருடையது வெள்ளை அம்பாசிடர். அந்தக் காலத்து வண்டிகளில் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல்பூச்சு. தேய்த்தால் பேடு வெள்ளையாகும். வெள்ளைக் காருக்குப் பரவாயில்லை, சிவப்பு வண்டியில் பேடு சிவந்தால் நெஞ்சு பதறும். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஒட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இரண்டு விதிகள். ஒன்று, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் மட்டும் வேலை. சுட்ட தகட்டில் பாலிஷ் காய்ந்து பொடியாக உதிரும். இரண்டு, பேடுகளைக் கஞ்சத்தனம் இல்லாமல் மாற்றுவது. பாலிஷும் தேய்ந்த கிளியர் கோட்டும் சேர்ந்து பேடின் துளைகளை அடைத்துக்கொள்ளும். ஈரமும் சூடும் ஏறிய நுரை தளர்ந்து, வெல்க்ரோவைப் பிடித்திருக்கும் பசையே விட்டுவிடும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் மெஷினை மெதுவாக ஓடவிட்டு நைலான் பிரஷை வைத்தால் தூசி பறக்கும் (முகத்தில் மாஸ்க்கும் கண்ணாடியும் இருக்கட்டும்). ஒரு காருக்குக் கட்டிங் மூன்று, ஃபினிஷிங் இரண்டாவது வேண்டும். வேலை முடிந்ததும் மிதமான சோப்புத் தண்ணீரில் கசக்கி அலசி, வெல்க்ரோ பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள். தண்ணீர் பசைப்பக்கம் இறங்காமல் வடியும். எங்கள் பால்கனியில் அவை வரிசையாகக் காயும் அழகே அழகு!

நகம் தடுக்கும் கீறலை எந்தப் பேடும் எடுக்காது, அது டச்சப் வேலை. கதவு, பானெட் விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும், டேப் ஒட்டிவிடுங்கள். முடித்தபின் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் ஒரு துடைப்பு துடைத்தால் பாலிஷின் எண்ணெய் போய் உண்மை நிலவரம் தெரியும். அதன்மேல் வாக்ஸோ சீலன்ட்டோ போட்டால் வேலை முடிந்தது.

என் தீர்ப்பு இதுதான்: 15 மி.மீ. டி.ஏ. ஒன்று, இரண்டு பாட்டில் பாலிஷ், ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி, குறைந்தது ஐந்து நல்ல பேடுகள். பட்ஜெட் இடித்தால் மெஷினில் ஒரு படி இறங்குங்கள், பேடில் மட்டும் இறங்காதீர்கள். முதலில் மெத்தென்ற பேடில் தொடங்குங்கள், போதாவிட்டால் மட்டும் விறைப்பானதுக்குப் போங்கள். வருகிற ஞாயிறு பானெட்டில் ஒரே ஒரு சதுரம் செய்து பாருங்கள். மீதிக் காரை நீங்கள் சும்மா விடமாட்டீர்கள், அதற்கு நான் உத்தரவாதம்!