'விஷவாயு தாக்கிப் பலி': ஒரு வாக்கியத்தை வாசித்தல்

'செப்டிக் டேங்க் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி.' எத்தனை தடவை வாசித்திருப்போம் இதை. ஊரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றிப் போட்டால் போதும். தாக்குவது யார்? வாயு. இறங்கச் சொன்னவர் வாக்கியத்தில் இல்லை, கூலி பேசியவர் இல்லை, இந்த வேலைக்கு இன்னாரைத்தான் கூப்பிட வேண்டும் என்று வைத்திருக்கிற சாதி இல்லவே இல்லை. வாயுவைக் கைது பண்ண முடியாது. இந்தச் சொல்லாடலின் சௌகரியம் அதுதான். அப்புறம் அந்தப் 'பலி'. எங்கள் பக்கத்தில் பலி என்றால் வாங்குகிற சாமி ஒன்று உண்டு. இங்கே சாமி யார்?

வாயு எங்கிருந்தோ வந்து தாக்குவதல்ல. ஹைட்ரஜன் சல்பைடு: காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சிதைக்கும்போது உண்டாவது. காற்றைவிடக் கனம், சேற்றைக் கிளறினால் குபீரென்று கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கைத் தொட்டதும் மூக்கு மரத்துப்போகிறது. 'நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்' என்று தோன்றுகிற இடம்தான் ஆபத்து. 1000 பங்குக்குப் பக்கத்தில் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுகிறான். தூக்கப்போனவனும் விழுகிறான். இதே வாயு சாக்கடைக் குழாயின் கூரையில் கந்தக அமிலமாகிக் கான்கிரீட்டைத் தின்பது பொறியியல் புத்தகங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிற பாடம். குழாய்க்கு ஆகிற கேடு எப்போதோ கணக்கில் வந்துவிட்டது.

சட்டத்தையும் பிரதியாக வாசிக்கலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'அபாயகரமான சுத்தப்படுத்தல்' என்பதைத் தடை செய்கிறது. வரையறையைப் பார்த்தால், பாதுகாப்புக் கருவிகள் தராமல் ஆளை இறக்குவதுதான் அது. அதாவது தடைப்பட்டது இறக்குவது அல்ல, வெறுங்கையோடு இறக்குவது. கருவி கொடுத்துவிட்டால் அவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்று ஒரு விளக்கம் வேறு! 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் 1993 முதலான சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் என்றது; 2023 அக்டோபரில் 30 லட்சம். அந்தக் குடும்பங்களுக்கு அது வேணும், மறுக்கவில்லை. ஆனால் செய்தி வாக்கியம் அப்படியேதான் இருக்கிறது.

2017இல் வந்த திவ்யா பாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் விட்டுப்போன எழுவாயை, சாதி என்றும் அரசு என்றும், பேர் சொல்லி எழுதப் பார்த்தது. திரையிடல்களுக்குப் போலீஸ் தடை போட்டதும் சும்மா அல்ல. என்றாலும் ஒரு குறை. மலத்தை நேராகக் காட்டி நம்மை அருவருக்க வைப்பதில் படம் நிறைய நம்பிக்கை வைக்கிறது. அருவருப்பு ஏற்கெனவே சாதியின் மொழி. 'ச்சே, இதப்போயி எப்படிச் செய்றாங்க' என்று முகம் திருப்புகிறவர் சட்டென்று பரிதாபத்துக்குப் போய்விடலாம். கொல்கிறதோ கேமராவில் விழாதது, ஒரு கட்டத்துக்கு மேல் நாறவும் நாறாதது.

மேலநீலிதநல்லூர் மாதிரி ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க்தான். கையைக் காட்ட ஒரு மாநகராட்சி இல்லை. நிறைந்தால் ஆள் தேடுவது வீட்டுக்காரர்கள்தான், இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிற வீடும் சேர்த்தி. லாரி வந்து உறிஞ்சின பிறகும் அடியில் சேறு கிடக்கும். 'ஒரு ஆள எறக்கி வழிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி' என்று லாரிக்காரரிடம் சொல்வது நம்ம வீட்டுக் குரல்.