விலையும் விருப்பமும்: ஒரு விளையாட்டில் மாண்டோரை எழுப்புதல்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, பகடையின் துணையோடு கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்சும் டேவ் ஆர்ன்சனும் 1974-இல் அமெரிக்காவில் இதனை வெளியிட்டனர். இதில் மாண்டவரை மதகுரு மந்திரத்தால் எழுப்பலாம். சாவுக்கு அஞ்சவேண்டாத வீரனிடத்தில் வீரத்துக்குப் பொருளில்லை. ஆகவே அம்மந்திரத்துக்கு எல்லைகள் வகுக்கப்பட்டன. எல்லை வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய எல்லை என்பதே வினா.

1978-ஆம் ஆண்டுக் கையேட்டில் எல்லை உடலைச் சார்ந்தது. உடலுறுதி எண் 3 ஆனால், எழுப்பும் முயற்சி பலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40. 18 ஆனால் 100. தொடக்கத்தில் பெற்ற அவ்வெண்ணைக் கடந்து எவரும் எழுப்பப்பட இயலாது. இங்கே சாவு வெல்லப்படவில்லை, தவணை பெறப்படுகிறது.

2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் விலை முன்னுக்கு வந்தது. பத்து நாட்களுக்குள் எழுப்ப 500 பொற்காசு பெறுமான வைரம்; இருநூறு ஆண்டுகளுக்குள் மாண்டவரை எழுப்பும் பெருமந்திரத்துக்கு 25,000. செல்வக் குழுவினருக்கு மரணம் ஒரு செலவுக் கணக்கு. ஏழை உழவனுக்கோ அது மரணமேதான். தேவவரத்துக்குப் பணம் நீட்டிய மாயவித்தைக்காரன் சீமோனை இவ்விதி நினைவூட்டுகிறது.

எனினும் அதே பதிப்பில் வேறொரு நிபந்தனையும் உண்டு: மாண்டவரின் ஆன்மா திரும்பிவர விரும்பவேண்டும். வைரம் எவ்வளவு குவிந்தாலும் அவர் மறுக்கலாம். மாண்டவரைப் பொருளாகக் கருதாமல் ஆளாக மதிப்பது இவ்விதி ஒன்றே. மேத்யூ மெர்சரும் ஜேம்ஸ் ஹேக்கும் 2017-இல் எழுதிய 'டால்டோரை' நூலின் விருப்ப விதி இதனை மேலும் வளர்க்கிறது. தோழர் மூவர் வரை உடலருகே வந்து, வேண்டுதலாலோ சொல்லாலோ காணிக்கையாலோ மாண்டவரை அழைக்கலாம். முன்பு திரும்பிவந்த ஒவ்வொரு முறைக்கும் அழைப்பு கடினமாகிறது. மந்திரம் மட்டும் போதாது. உயிரோடிருப்போர் தம் அன்பைச் சொல்லியாக வேண்டும். விலையைவிட இவ்வெல்லை உயர்ந்தது என்பதே நம் துணிபு.

ஆயினும் சொல்லில் கவனம் தேவை. லாசரு எழுப்பப்பட்டான், மறுபடியும் மரிக்கவேண்டியவனாகவே எழுந்தான். உயிர்த்தெழுதல் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதோ, அழிவில்லாமையை அணிந்துகொள்ளுதல். விளையாட்டு அறிந்தது முன்னதை மட்டுமே. பின்னதைத் தரவில்லையென்று அதனைக் குறைகூறலாகாது. ஒரு மரணத்தின் பாரத்தை மேசையைச் சுற்றியிருப்போர் உணரும்படி செய்யுமானால், அது தன் பணியை நேர்மையாய் நிறைவேற்றியதாகும்.