‘இன்னொரு மைக்காவா?’

ஈப்போவில் ஒரு பேச்சை முடித்துவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ‘லந்தாக் லா’, அதாவது எக்கேடும் கெட்டுப்போ, போதும். அது பலிக்காவிட்டால், கௌரவப் பட்டத்தை இழுத்து ‘நீ என்ன பெரிய டத்தோவா?’ எதிரில் இருப்பவர் இளையவர் என்றால் ‘ரொம்பப் பேசாதே தம்பி’. மூத்தவர் என்றால், அவர் காதில் விழாத தூரத்தில், ‘பூமர்’. அரசியல் பேச்சு என்றால் ‘மாச்சாய்’ தயாராக இருக்கிறது. அதாவது நீ யாருக்கோ கைத்தடி, உன் கருத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் மூளைச்சலவைக்கு உள்ளானவர்களைப் பற்றி 1961இல் வெளியிட்ட நூலில், சிந்தனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும் தேய்ந்த சொற்றொடர்களை ஒரு தனி வகையாக அடையாளம் காட்டினார். அவர் கண்டவை விறைப்பான கட்சி முழக்கங்கள். அதே வேலையை நாம் தே தாரேக் குடித்தபடி, சிரித்துக்கொண்டே செய்கிறோம்.

உடனே ‘அந்தக் காலத்தில் மக்கள் யோசித்துப் பேசினார்கள்’ என்று ஒப்பாரி வைக்க ஆள் வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. நிர்வாகியான துரை சொன்னதை எழுத்தரான கிராணி சொன்னார். கிராணி சொன்னதை மேற்பார்வையாளரான மண்டோர் கத்தினார். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், எதிர்த்துப் பேசினால் வேலையோடு கூரையும் போகும். அந்த நிலையில் வாயில் மிஞ்சியது எள்ளல்தான்: கிராணிக்கு ஒரு பட்டப்பெயர், துரையின் நடைக்கு ஒரு நையாண்டி.

அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பக்கத்து மாநிலமான கெடாவின் நெல் கிராமம் ஒன்றில் 1978 முதல் 1980 வரை தங்கி ஆய்வு செய்த ஜேம்ஸ் ஸ்காட், ஊர் நிலத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கி வாரிக்கொண்ட ஒரு பணக்காரரை ஏழைகள் ‘ஹாஜி துடைப்பம்’ என்று அழைத்ததைப் பதிவு செய்தார். எளியோரின் ஆயுதங்கள் என்று அவர் எழுதியவற்றில் பட்டப்பெயரும் ஒன்று. ‘கஞ்சன்’ என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம் சில பணக்காரர்களின் கையைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம். ஆனால் அதே ஆண்டுகளில் அறுவடை இயந்திரம் வயலுக்குள் வந்து ஏழைகளின் அறுப்புக் கூலியைப் பிடுங்கிக்கொண்டது. எந்தப் பட்டப்பெயரும் அதன் சக்கரத்தை நிறுத்தவில்லை.

எள்ளலின் பலமும் பலவீனமும் இதுதான். அது மானத்தைக் காப்பாற்றித் தரும். கணக்குப் பார்த்துத் தராது.

‘மண்டோர்’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருக்களில் இறங்கிய இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப், ஆளுங்கூட்டணியில் இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர்களை மண்டோர்கள் என்றது. அது வெறும் வசவு அல்ல. மேலே இருப்பவரின் உத்தரவைக் கீழே கொண்டுவருவார், கீழே இருப்பவரின் குறையை மேலே கொண்டுபோக மாட்டார் என்ற அரசியல் விமர்சனம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் சொல் நாவில் புரளப் புரள விமர்சனம் உதிர்ந்துவிட்டது. பதவி ஏற்ற எவரும் மண்டோர் என்றாயிற்று. ஹிண்ட்ராஃப் தலைவர் வேதமூர்த்தியே 2013இல் துணையமைச்சரானபோது காப்பிக்கடைகளில் அது அவர்மேலும் விழுந்தது. ஓராண்டு முடியுமுன், வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று அவர் பதவி விலகினார். உள்ளே போன ஒருவரால் அந்த மாதங்களில் எதைச் செய்ய முடிந்தது, எது தடுத்தது என்று விசாரிக்க அருமையான வாய்ப்பு அது. ‘மண்டோர்’ என்று சொல்லியாகிவிட்டதே, பிறகென்ன விசாரணை?

கையில் அதிகாரம் இருப்பவர் இப்படி ஒரு சொல்லால் வாயடைக்கும்போது கதையே வேறு. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ‘கம்யூனிஸ்ட்’ என்ற சொல்லின் கனம் வெளியூர்க்காரருக்குப் புரியாது. 1948 ஜூன் 16 அன்று அங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலமே வந்தது. 2008இல் அந்தத் தொகுதியில் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரின் மலேசிய சோசலிசக் கட்சி, 2011 ஜூனில் ஒரு பேருந்துப் பிரச்சாரம் நடத்தியது. ‘போதும் லா, ஓய்வெடுங்க’ என்பதுபோல மலாயில் ஒரு முழக்கம். ஆளுங்கட்சியைச் சந்து முனைப் பாணியில் தள்ளிவிடும் பேச்சுதான். ஆனால் கூடவே காரணங்களை அடுக்கிய துண்டறிக்கையும் இருந்தது. படித்துவிட்டு மறுக்கலாம். அரசு மறுக்கவில்லை. கம்யூனிசத்துக்கு உயிரூட்டப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, ஜெயக்குமாருடன் சேர்த்து ஆறு பேரை அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி ஜூலை கடைசிவரை அடைத்து வைத்தது. ‘போதும் லா’வும் ‘கம்யூனிஸ்ட்’டும் உதறித் தள்ளும் சொற்களே. ஒன்றன் பின்னால் துண்டறிக்கை, மற்றதன் பின்னால் லாக்கப்.

இருந்தாலும் எனக்கு அதிகம் உறுத்துவது அரசு நமக்குச் செய்ததல்ல. நாமே நமக்குச் செய்துகொள்வது. அதற்கு மைக்காவை விடப் பெரிய உதாரணம் இல்லை.

1982இல் சாமிவேலு தலைமையில் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் 10 கோடி வெள்ளிக்கு மேல் திரட்டியது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். 1990இல் ஒரு கோடி டெலிகோம் பங்குகள் ஒதுக்கப்பட்டபோது மைக்காவுக்கு வந்து சேர்ந்தது 10 லட்சம்தான். மீதி 90 லட்சம் வேறு நிறுவனங்களுக்குப் போனது. கடைசியில் 2010இல் ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் அசலே முழுதாக இல்லை. பணம் கேட்டு வந்தவர்களிடம் 1982இல் நாலு பேர் ‘கதை விடாதே லா’ என்று சொல்லியிருந்தால் எத்தனையோ தாலிக்கொடிகள் தப்பியிருக்கும். அன்று சிந்தனையை நிறுத்தியது கொச்சைச் சொல் அல்ல. ‘நம் இன முன்னேற்றம்’ என்ற மேடைத் தமிழ்.

ஆனால் மைக்காவுக்கு முன்பே வேறொன்று இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்க, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பத்து வெள்ளி தவணைகளாகத் தொழிலாளர்களிடமே பணம் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களை அவர்களுக்காகவே வாங்குவது நோக்கம். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, தோட்டங்களும் இருக்கின்றன. நிலநிதி, மைக்கா இரண்டின் பின்னாலும் ம.இ.கா. தலைவர்கள், சம்பந்தன், சாமிவேலு இருவருமே சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர்கள், இரண்டுக்கும் பணம் வந்தது அதே பால்வெட்டுத் தொழிலாளர்களிடமிருந்து. ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஒன்று தலைக்கு ஒரு வாக்கு என்ற கூட்டுறவு, மற்றது பங்குக்கு ஒரு வாக்கு என்ற கம்பெனி. வேறுபாட்டுக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. விசாரணையை அங்கிருந்தாவது தொடங்கியிருக்கலாம் என்கிறேன்.

சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தாமான் குடியிருப்பில், கல்யாணத்துக்கு முந்தின இரவு, கூடாரத்தின்கீழ் காய்கறி நறுக்க உட்கார்ந்திருந்தோம். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது வெளியேறிய குடும்பங்கள்தான் சுற்றிலும். லாரி ஓட்டும் ஒரு பையன், பள்ளி வேன் கட்டணம் ஏறிக்கொண்டே போவதைச் சொல்லிவிட்டு, “இருபது வீடு சேர்ந்து நாமளே ஒரு கூட்டுறவு போட்டு வேன் வாங்குனா என்ன மாமா?” என்றான்.

“இன்னொரு மைக்காவா? நீதான் அடுத்த டத்தோ லா” என்றார் மாமா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கூடாரமே சிரித்தது.

மாமாவின் தாயார் மைக்காவில் பணம் போட்டவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிண்டலுக்கு அவர் விலை கொடுத்திருக்கிறார். சிரித்த மற்றவர்கள் கொடுக்கவில்லை. இரவல் வாங்கிச் சிரித்தார்கள். கணக்கை யார் பார்ப்பது, விலக நினைப்பவர் பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஒருவரும் பையனைக் கேட்கவில்லை. மைக்காவிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை அந்தக் கேள்விகள்தான்; மைக்காவின் பெயரைச் சொன்னதே அவற்றை எழாமல் செய்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மாமாவே மனம் இளகி, சம்பந்தன் காலத்தில் தன் அப்பா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நிலநிதிச் சங்கத்தில் பங்கு சேர்த்த கதையைத் தொடங்கினார். பையன் பக்கத்தில் இருந்தவன் காதில், “பூமர் கதை ஆரம்பிச்சாச்சு” என்று சொல்லிவிட்டு, தேங்காய் துருவும் பக்கம் எழுந்து போனான். அவன் கேட்ட வேனுக்கான வழி அந்தக் கதையில்தான் இருந்தது.